1,750 கிராமும் 480 கிராமும்: ஒரு குடும்பக் கேமராவின் வரவு செலவு

காலடிப்பேட்டை அண்ணாச்சி கடைத் தராசில் எங்கள் கேமராப் பையை வைத்தபோது 1.750 என்று சிவப்பு எண்கள் வந்து நின்றன. பக்கத்தில் ஒரு அம்மா ஒரு கிலோ உளுந்தும் முக்கால் கிலோ துவரம்பருப்பும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதே எடைதான். "இதைத் தோள்ல போட்டுக்கிட்டா சார் திருச்செந்தூர் வரைக்கும் போறீங்க?" என்று அண்ணாச்சி கேட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி அது. அன்று இரவே நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கணக்கு வேலை. லாரி எடை மேடையில் ஏறியதும் லோடு எடையைக் குறிப்போம். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று வண்டியின் எடை. இரண்டையும் கழித்தால் வருவதுதான் சரக்கு. எந்தக் கணக்குக்கும் இந்த மூன்று வரி போதும் என்பது என் அனுபவம். கேமராவுக்கும் அதே மூன்று வரியைத்தான் போட்டேன். பையின் எடை எவ்வளவு, போட்ட பணம் எவ்வளவு, கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்த படம் எத்தனை?

பழைய கேமராவின் பேரேடு

2019-ல் வாங்கியது கேனான் ஈஓஎஸ் 1500டி. டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 50,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள கேமரா 64,000-த்திலிருந்து 59,000-க்கு இறங்கியது என்று பொருள். அந்தக் குறைப்புக்காகக் காத்திருந்துதான் வாங்கினோம்.

செலவு:
கேமராவும் இரண்டு லென்ஸும் — ரூ.39,000
பை — ரூ.1,200
மெமரி கார்டு — ரூ.900
கூடுதல் பேட்டரி — ரூ.1,900
லென்ஸில் பூஞ்சை பிடித்துச் சுத்தம் செய்தது — ரூ.1,800
மொத்தம் — ரூ.44,800
விற்றபோது வந்தது — ரூ.18,000
நிகரச் செலவு — ரூ.26,800

ஆறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் 9,600. ஒரு படத்துக்கு 2 ரூபாய் 79 காசு. இந்த வரியோடு நோட்டை மூடியிருந்தால் லாபக் கணக்காகவே தெரிந்திருக்கும்.

ஆனால் ஒவ்வொரு படத்திலும் எடுத்த தேதி பதிவாகியிருக்கிறது. கேமரா வீட்டைவிட்டு வெளியே போன நாட்களை ஆண்டுவாரியாக எண்ணினேன். 2019-ல் 38 நாள். 2020-ல் 7. 2021-ல் 9. 2022-ல் 14. 2023-ல் 8. 2024-ல் 5. மொத்தம் 81 நாள். 26,800-ஐ 81-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 331 ரூபாய். முதல் ஆண்டைப்போல ஆண்டுக்கு 38 நாள் எடுத்துப் போயிருந்தால் 228 நாள் ஆகியிருக்கும். நாளுக்கு 118 ரூபாய்தான் விழுந்திருக்கும். நோய்த்தொற்றுக் காலத்தை விட்டுவிட்டாலும் 2023, 2024-க்கு எந்தச் சாக்கும் இல்லை. பை கனம். அதனால் பீரோவிலேயே இருந்தது.

இன்னொரு வரி இதைவிட வலித்தது. 9,600 படங்களில் ஆல்பத்துக்கென்று நாங்கள் எடுத்துவைத்தவை 620. வைத்துக்கொண்ட ஒவ்வொரு படத்துக்கும் 43 ரூபாய் ஆகியிருக்கிறது.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பர்மா பஜாரில் வாங்கிய ஒரு ஃபிலிம் கேமரா அவரிடம் இருந்தது. 1996 தேதியிட்ட அவருடைய நோட்டில் ஒரு பக்கம்: ரோல் 95 ரூபாய், கழுவக் கூலி 20, பிரிண்ட் 36-க்கு நாலு ரூபாய் வீதம் 144. மொத்தம் 259. ஒரு படத்துக்கு 7 ரூபாய் 19 காசு. ஆனால் அந்த 36-ல் 30 படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. வைத்துக்கொண்ட படத்துக்கு 8 ரூபாய் 63 காசு. கேமரா விலை இதில் சேரவில்லை, அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றில்லை. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் ஒரு விஷயம் நிற்கிறது. எங்களுக்குப் படம் எடுப்பது மலிவாகிவிட்டது, எடுத்ததில் நிற்கும் படம் விலை கூடிவிட்டது.

எந்த லென்ஸ் உழைத்தது?

மாற்றுக் கேமரா தேடுகிறவர்கள் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. கம்ப்யூட்டரில் பழைய படங்களை விவரப் பட்டியலாக விரித்து, ஃபோகல் லெங்த் வாரியாக அடுக்கிப் பாருங்கள். நீங்கள் உண்மையில் எப்படிப் படமெடுக்கிறீர்கள் என்பது அங்கே தெரியும்.

எங்கள் 9,600-ல் 18–55 மி.மீ. லென்ஸில் எடுத்தவை 8,448. நூற்றுக்கு 88. 390 கிராம் எடையுள்ள 55–250 லென்ஸ் எடுத்தவை 1,152. நூற்றுக்கு 12. அதிலும் 125 மி.மீ.க்கு மேல் போனவை 480 மட்டும். நூற்றுக்கு 5. அந்த 480-ல் பெரும்பகுதி பழவேற்காட்டில் எடுத்த பூநாரைகள். பிரிண்ட் போட்டவை நாலு.

ஆக, நூற்றில் பன்னிரண்டு படத்துக்காக 390 கிராமை ஆறு வருடம் சுமந்திருக்கிறோம். பறவைகளுக்காகவே கேமரா வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். நான் பேசுவது குடும்பக் கேமராவைப் பற்றி.

எடைக் கணக்கு: உடல் சிறுத்தால் போதுமா?

பழைய கேமராவின் எடை பேட்டரி, கார்டோடு 475 கிராம். சிறிய லென்ஸ் 200. பெரிய லென்ஸ் 390. மூன்றும் 1,065 கிராம். கூடுதல் பேட்டரி, சார்ஜர், பட்டை, பை எல்லாம் சேர்ந்துதான் 1,750.

"மிரர்லெஸ் வாங்குங்க, பாதி எடைதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதை நம்பாமல் எடைகளை எழுதிக் கூட்டினேன்.

நிக்கான் இசட்50: உடல் 450, 16–50 லென்ஸ் 135. இரண்டும் 585 கிராம். 50–250 லென்ஸ் 405 கிராமையும் சேர்த்தால் 990. பழைய செட்டைவிட 75 கிராம்தான் குறைவு.

கேனான் ஆர்50: உடல் 375, 18–45 லென்ஸ் 130. இரண்டும் 505. 55–210 லென்ஸ் 270-ஐச் சேர்த்தால் 775.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7: லென்ஸ் உடலோடு ஒட்டியது. 24 முதல் 200 மி.மீ. வரை. 302 கிராம்.

கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2: இதிலும் லென்ஸ் ஒட்டியதுதான். 24 முதல் 100 மி.மீ. வரை. 319 கிராம். கடைசியில் நாங்கள் வாங்கியது இதுதான்.

ரிக்கோ ஜிஆர் 3: ஜூம் கிடையாது, 28 மி.மீ. மட்டும். 257 கிராம்.

கேமராவின் உடலை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். உடலில் மிச்சம்பிடித்த எடையை லென்ஸ் திரும்ப வாங்கிக்கொள்ளும். கன அளவிலும் இப்படித்தான். 1500டி-யின் உடல் 129 × 101.3 × 77.6 மி.மீ. — 1,014 கன சென்டிமீட்டர். அதில் லென்ஸ் சேரவில்லை. ஜி7எக்ஸ் 105.5 × 60.9 × 42.2 மி.மீ. — லென்ஸோடு 271. கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும் அளவு. பேன்ட் பையில் நுழையும், அம்மாவின் கோயில் கூடையிலும் நுழையும்.

இருட்டுக் கணக்கு

சின்ன சென்சார் இருட்டில் கைவிட்டுவிடும் என்பது பொதுவான பயம். எனக்கும் அதுதான் பெரிய தயக்கமாக இருந்தது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாத தரிசனம். அந்த மூன்று நாளும் தெருவரை வரிசை நிற்கும். சன்னதியில் யாரும் படம் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. வெளியே மாடவீதியில், கடை பல்பு வெளிச்சத்தில் அம்மா பேத்தியின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார். பெரிய கேமராவில்தான் எடுத்தேன். அம்மாவின் விரல்கள் புகையாகக் கலைந்திருந்தன. ஏன் என்று எண்கள் சொல்கின்றன.

லென்ஸின் எஃப் எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நாலு மடங்காகும். பழைய 18–55 லென்ஸை முழுக்க இழுத்தால் எஃப் 5.6. அதே பார்வைக் கோணத்தில் ஜி7எக்ஸ் எஃப் 2.8. சரியாகப் பாதி. எனவே சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் நாலு மடங்கு ஒளி விழும். பழையதில் ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் புதியதற்கு 1600 போதும்.

இனி சென்சாரின் பரப்பு. 1500டி-யில் 22.3 × 14.9 மி.மீ. — 332 சதுர மி.மீ. ஜி7எக்ஸில் 13.2 × 8.8 — 116 சதுர மி.மீ. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 116-ஐ நாலால் பெருக்கினால் 464. பழையது 332. அதாவது சின்ன கேமரா மொத்தமாக 1.4 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. ஆர்50-ன் சிறிய லென்ஸ் முழுக்க நீண்ட நிலையில் எஃப் 6.3, அதோடு ஒப்பிட்டால் சின்னதற்கு 1.8 மடங்கு.

எதிர்ப்பக்கத்தையும் எழுதுவதுதான் கணக்கு. அதே 1500டி-யில் 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் பெரிய கேமரா சின்னதைப்போல ஏறக்குறைய 7 மடங்கு ஒளி வாங்கும். எடை 635 கிராம்தான் வரும். ஜூம் வேண்டாம், ஆட்களின் முகங்கள் போதும் என்பவர் புதுக் கேமரா வாங்கவே தேவையில்லை. அந்த ஒரு லென்ஸை வாங்கிக்கொண்டு இருக்கிற கேமராவையே வைத்துக்கொள்ளலாம். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ன் லென்ஸ் எஃப் 2.8-ல் தொடங்கி 4.5 வரை போகும். தூரம் அதிகம், வெளிச்சம் குறைவு. இரவுத் திருவிழா முக்கியமா, பகல் பயணம் முக்கியமா என்பதைப் பொறுத்தது அது.

பத்தடி ஹாலின் கணக்கு

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வீடுகளில் ஹால் என்பது பெரும்பாலும் பத்தடிதான். வளைகாப்புக்குப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் படமெடுப்பவரின் முதுகு சுவரில் முட்டும். அங்கிருந்து ஆட்கள்வரை மூன்று மீட்டர் தூரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 18–55 லென்ஸின் அகலமான முனை ஃபிலிம் கேமரா அளவில் 29 மி.மீ.க்குச் சமம். மூன்று மீட்டரில் 3.7 மீட்டர் அகலம் படத்தில் விழும். 24 மி.மீ.யில் 4.5 மீட்டர். வித்தியாசம் 80 சென்டிமீட்டர். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் அந்த 80 சென்டிமீட்டரில்தான் இருக்கிறார்கள். எங்கள் பழைய படங்களில் சின்ன அத்தை பாதி முகத்தோடு நிற்பது இதனால்தான்.

தெருவிலும் இதே கதை. 1856 ஜூன் 28-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையக் கட்டடத்தின் தூண் வரிசையைப் பத்து மீட்டரிலிருந்து எடுத்தால் 29 மி.மீ.யில் 12.4 மீட்டர் வரும், 24-ல் 15 மீட்டர் வரும்.

மெகாபிக்சல் கணக்கு

பழையது 24 மெகாபிக்சல், புதியது 20. நாலு குறைகிறதே என்று மனைவி கேட்டார். பிரிண்ட் அளவில் வைத்துப் பார்த்தோம். ஆல்பத்துக்குப் போகும் 6 × 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1,800 × 1,200. அதாவது 2.16 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் 12 × 8 படத்துக்கு 8.64. இருபதில் பாதிகூட இல்லை. எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய படம் ஒன்றே ஒன்று, அப்பாவுடையது. அது ஃபிலிமில் எடுத்தது.

இந்தப் பிரிண்ட் அளவுகளுக்கு நல்ல செல்போனும் போதும். பகலில், கைக்கெட்டும் தூரத்தில் எடுக்கும் படத்துக்குக் கேமரா தேவையே இல்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. உலக அளவில் டிஜிட்டல் கேமரா அனுப்புகை 2010-ல் சுமார் 12 கோடியாக இருந்து 2023-ல் 77 லட்சத்தை ஒட்டிச் சுருங்கியதற்குச் செல்போன்தான் காரணம். அப்படியிருந்தும் நாங்கள் கேமராவைத் தேடியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மாலை மங்கியபின் தள்ளி நிற்கும் முகத்தை ஜூம் செய்தால் போன் படம் குழைந்துவிடுகிறது. இரண்டு, பயணத்தில் டிக்கெட், வழி, பணம், வீட்டோடு பேச்சு எல்லாமே அந்த ஒரே பேட்டரியில்தான். மதியத்துக்குள் அதைப் படத்துக்குச் செலவழித்தால் ராத்திரி ஆட்டோக்காரருக்குப் பணம் அனுப்ப முடியாது.

இழப்புப் பக்கம்

சின்ன கேமரா எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை இவை.

பழையது ஒரு சார்ஜில் 500 படம் எடுக்கும், புதியது 265. கூடுதல் பேட்டரி கட்டாயம்.

பழையதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் உண்டு, புதியதில் இல்லை. எண்ணூர் கடற்கரையில் மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் திரை சரியாகத் தெரிவதில்லை. தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்துத்தான் பார்க்கிறேன்.

250 மி.மீ. லென்ஸ் தந்த 400 மி.மீ. தூரப் பார்வை போய்விட்டது. பூநாரைகளை இனி கண்ணால் பார்த்துக்கொள்வோம்.

நாலாவது இழப்பு எங்கள் பகுதிக்கே உரியது. ஒட்டிய லென்ஸ் ஒவ்வொரு முறையும் நீண்டு வெளியே வந்து உள்ளே போகும். கடல் மணலும் நிலக்கரித் தூளும் அந்த இடுக்கில் ஏறினால் லென்ஸ் பாதியில் சிக்கும். சிக்கினால் பெரும்பாலும் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டிவரும். அதற்கு ஆகும் பணத்தில் பழைய கேமரா ஒன்றையே வாங்கிவிடலாம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் படமெடுக்கப் போனால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில்தான் கேமரா வருகிறது. எடுத்த கையோடு உறைக்குள் போய்விடும்.

கடலோர ஈரம் இரண்டு வகைக் கேமராவுக்கும் எதிரி. பூஞ்சைக்கு நாங்கள் கொடுத்த 1,800 ரூபாயை இறுக்கமான மூடியுள்ள ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தடுத்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து இப்போது 310 ரூபாய் ஆனது. பொட்டலத்தை மாதம் ஒருமுறை வெயிலில் காயவைக்கிறோம்.

வாங்கிய கணக்கு

ஒருவர் பயன்படுத்திய ஜி7எக்ஸ் மார்க் 2-ஐ வாங்கினோம். 2016-ல் வெளிவந்த மாடல் அது. கேமரா ரூ.32,000. கூடுதல் பேட்டரி ரூ.1,400. உறைப்பை ரூ.450. மொத்தம் ரூ.33,850. பழையதை விற்று வந்த 18,000-ஐக் கழித்தால் கையிலிருந்து போனது ரூ.15,850.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் கடையில் நின்று பத்து நிமிடம் செலவழியுங்கள். ஆன் செய்து, அணைத்து, பத்து முறை லென்ஸை வெளியே வரவிட்டு உள்ளே போகவிட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு தெரிந்தால் பூஞ்சை. லென்ஸ் துளையை மிகச் சிறியதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி. உங்கள் கார்டையே கொண்டுபோங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தராசு மறுபடியும்

கேமரா, கூடுதல் பேட்டரி, சார்ஜர், உறைப்பை எல்லாவற்றையும் அதே அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தேன். 0.480. குறைந்தது 1,270 கிராம்.

எட்டு மாதத்தில் கேமரா வெளியே போன நாட்கள் 47. பழையது 2022 முதல் மூன்று ஆண்டுகளில் போனது 27. எடுத்த படங்கள் 2,914, நாளுக்கு 62. முன்பு நாளுக்கு 119 எடுத்தோம். நாட்கள் கூடியிருக்கின்றன, ஒரு நாளில் எடுக்கும் படங்கள் குறைந்திருக்கின்றன. ஆல்பத்துக்கென்று எடுத்துவைத்தவை 262. பழையதில் 15 படத்துக்கு ஒன்று தேறியது; இதில் 11-க்கு ஒன்று. கையிலிருந்து போன 15,850-ஐ அந்த 47 நாளுக்குப் பகிர்ந்தால் இப்போதே நாளுக்கு 337 ரூபாய். இனி போகும் ஒவ்வொரு நாளும் அதைக் குறைக்கும்.

47 நாட்களும் பெரிய பயணங்கள் இல்லை. திருச்செந்தூர் மூன்று நாள், கொடைக்கானல் நாலு நாள். மற்ற 40 நாளும் பக்கத்திலேயே. விம்கோ நகர் மெட்ரோவில் மகள் ஜன்னலோரம் தூங்கியது. தேரடியில் அம்மா பூ வாங்கியது. பணி ஓய்வு நாளில் மாமா ஃபேக்டரி வாசலில் டிபன் கேரியரோடு நின்றது. எண்ணூர் முகத்துவாரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த சித்தப்பா. வடசென்னை என்றால் புகைபோக்கியும் சாம்பலும் வெள்ளமும்தான் வெளியார் எடுக்கும் படங்களில் வருகின்றன. அவை பொய்யில்லை. ஆனால் அந்தப் புகைபோக்கியின் கீழே பூ வாங்குகிறவர்களை வீட்டு ஆட்கள் எடுத்தால்தான் உண்டு.

ஆகவே, கேமரா மாற்ற நினைக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இது. கடைக்குப் போகுமுன் மூன்று எண்களை எழுதுங்கள். உங்கள் பையின் எடை, கடந்த ஆண்டு அது வெளியே போன நாட்கள், நீங்கள் அதிகம் பயன்படுத்திய ஃபோகல் லெங்த். நாட்கள் முப்பதுக்கு மேல் இருந்தால் இருக்கிற கேமராவே நல்லது. பணத்தை மிச்சம் பிடியுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் எடையைக் குறையுங்கள். எதை வாங்கினாலும் மாதம் பத்துப் படத்தையாவது பிரிண்ட் போடுங்கள். கார்டு கெட்டுப்போகும், போன் தொலைந்துபோகும். அப்பா 1996-ல் ஒட்டிய 30 படங்களும் இன்னும் எங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன.